உள்ளேனுக்கு அட்டெண்டன்ஸ் இல்லை

எங்கள் வகுப்பில் மொத்தம் அறுபத்திரண்டு பேர். உள்ளேன் ஒருத்தன் வந்தால் போதும், அறுபத்திரண்டு பேரும் வந்த மாதிரி. தமிழ்நாட்டில் எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பையே நிரப்பிய ஆள் அவன் ஒருத்தன்தான் என்று எந்தக் கோவில் வாசலில் வேண்டுமானாலும் நின்று சத்தியம் செய்வேன்.

பெயர்க்காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பேராசிரியர் பெயர் வாசித்தபோது எல்லோரும் "எஸ் சார்", "ப்ரெசென்ட் சார்" என்று நாகரிகமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். இவன் மட்டும் விறைப்பாக எழுந்து நின்று, "உள்ளேன் ஐயா!" என்றான். தமிழ் மீடியத்துப் பழக்கம். வகுப்பே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வந்தது பதினெட்டு வயதுப் பையனின் குரல் இல்லை. ஐம்பது வயது தாண்டி, மூக்குப்பொடி போட்டுப் போட்டு மூக்கடைத்துப்போன ஒருவரின் குரல். பிறகு விசாரித்தால், அது அவனுக்குப் பத்தாம் வகுப்பு எடுத்த தமிழ் வாத்தியாரின் குரலாம். அவர் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆள் ஒல்லி. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை, அவ்வளவு சீக்கிரம் இமைக்காத கண்கள். அவனோடு இரண்டு நிமிடம் பேசினால் ஒரு விபரீதம் நடக்கும். நீங்கள் பேசுவது மெல்ல மெல்ல அவன் வாயில் ஏறும். உங்கள் இழுவை, உங்கள் இருமல், "வந்து வந்து" என்று நீங்கள் திக்கும் இடம், எல்லாம். மூன்றாவது நிமிடம் நீங்கள் உங்களோடே பேசிக்கொண்டிருப்பீர்கள். வேண்டுமென்று செய்யமாட்டான். நிறுத்தச் சொன்னால் பாவம்போல, "நான் என்ன செஞ்சேன்?" என்று கேட்பான். அதையும் உங்கள் குரலிலேயே கேட்பான்.

அவனுடைய சொந்தக் குரல் எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் கல்லூரி, பெயர் வேண்டாம், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலேஜ் பஸ்ஸில் இருபது நிமிடம். என் வீடு ராஜபாளையம். அங்கிருந்தே போய் வரலாம்தான். ஆனால் அப்பா, "பஸ்ல தூங்கி விழுற நேரத்துல நாலு பக்கம் படிப்பான்" என்று சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அறை எடுத்துக் கொடுத்தார். நான் அந்த நேரத்தையும் சேர்த்துத் தூங்கினேன்.

பேராசிரியர்கள் வருகைப் பதிவை செல்போனில்தான் போடுவார்கள். குனிந்த தலை நிமிராமல் பெயரைச் சொல்வது, குரல் வந்தால் ஒரு தட்டு, வராவிட்டால் இன்னொரு தட்டு. தலை நிமிர்வதற்குள் அறுபத்திரண்டும் முடிந்திருக்கும். உள்ளேனுக்கு அந்த அவகாசம் போதும். முதல் பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, உதடு அசையாமல், கடைசி பெஞ்ச் அருணாகவும் ஜன்னலோரத்துப் பாஸ்கராகவும் வரிசையாக மாறிக்கொண்டே போவான். பெண்பிள்ளைகள் எல்லோரும் ஒழுங்காக வருகிறவர்கள் என்பதால் அந்தப் பக்கம் வேலை இல்லை. ஒருநாள் முத்து என்ற பையனுக்குப் பதில் சொல்லும்போது குரலில் ஜலதோஷம் கட்டியிருந்தது. முத்து அன்று ஊரிலேயே இல்லை. அவனுக்கு ஜலதோஷம் பிடித்த செய்தி எங்களுக்குச் சாயங்காலம்தான் வந்தது.

இன்னொரு நாள் பாஸ்கர் யாரிடமும் சொல்லாமல் நிஜமாகவே வகுப்புக்கு வந்துவிட்டான். பெயரைக் கூப்பிட்டதும் வாயைத் திறந்தான். அவன் சத்தம் வெளியே வருமுன் முதல் பெஞ்சிலிருந்து அவனே "எஸ் சார்" சொல்லிவிட்டான். தாமதமாக வந்த ஒரிஜினல் பாஸ்கரின் "எஸ் சார்" பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. தலை நிமிராமலே சத்தம் போட்டார்.

"யாருய்யா அது பாஸ்கருக்கு ப்ராக்ஸி குடுக்குறது? வெளிய போ!"

பாஸ்கர் வெளியே போனான். இடைவேளையில் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "ஏலே குமாரு, நான் இப்ப உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?" இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தான்.

இதையெல்லாம் வைத்து உள்ளேனை ஒரு சோம்பேறி, ஏமாற்றுக்காரன் என்று நினைத்தால் தப்பு. ஒரு மாணவனுக்கு இருக்கவேண்டிய நல்ல பழக்கங்கள் என்று பெரியவர்கள் எதையெல்லாம் சொல்கிறார்களோ அத்தனையும் அவனிடம் இருந்தன. விடியலில் எழுவான். அன்றைய பாடத்தை அன்றைக்கே மறுபடி எழுதுவான். புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டமாட்டான், கேட்டுவிடுவான். ஆனால் கேட்பதுகூட அடுத்தவன் குரலில்தான். ஒருநாள் சிக்னல்ஸ் வகுப்பில் யாரோ ஒரு கேள்வி கேட்க, பேராசிரியர் கரும்பலகையிலிருந்து திரும்பி, "சூப்பர் கொஸ்டின் அருண்! இந்த வருஷம் யாரும் இதைக் கேட்கல" என்று பரவசப்பட்டார். கடைசி பெஞ்சில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்த அருண் திடுக்கிட்டு எழுந்து, "தேங்க்யூ சார்" என்றான்.

இப்போது என் பழக்கங்கள். பத்து மணிக்கு எழுவேன். நான்கு கலரில் படிப்பு டைம்டேபிள் போடுவேன், அதைப் போடவே மூன்று நாள் ஆகும், போட்ட களைப்பில் நான்காம் நாள் படிக்கமாட்டேன். யூடியூப்பில் நாற்பது வீடியோவை "பிறகு பார்க்க" என்று சேர்த்துவைத்து, சேர்த்ததையே படித்த கணக்கில் வைப்பேன். "அடுத்த செமஸ்டர்ல இருந்து பாரு" என்பது என் தாரக மந்திரம். நான்காவது செமஸ்டரில் வகுப்புக்குப் போவதையே ஏறக்குறைய விட்டுவிட்டேன். நான் போகாத நாளிலெல்லாம் உள்ளேன் எனக்காகப் போய்க்கொண்டிருந்தான்.

அப்படி ஒருநாள் நானும் அருணும் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்கு க்ரூப் ஸ்டடி போயிருந்தோம். க்ரூப் ஸ்டடி என்றால் ஓடையில் குளிப்பது. நல்ல வெயில், காலை பதினொரு மணி. ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டைத் தாண்டி ஒரு ஈ காக்கை இல்லை. பாறையில் ஈரத்துணியைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது, மேலே மரங்களுக்குள்ளிருந்து யாரோ நிதானமாக என் பெயரைச் சொன்னார்கள். முழுப்பெயர், இனிஷியலோடு. வகுப்பில் வாசிக்கிற அதே தொனி. கொஞ்சம் நிறுத்தம். பிறகு மறுபடி ஒரு தரம்.

அருண் என்னைப் பார்த்தான். "உன்னையத்தாம்லே கூப்பிடுதாவ. சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"எஸ் சார்னு சொல்லுலே!"

நான் சொல்லவில்லை. காயாத துணியை அள்ளிக்கொண்டு இருவரும் ஓடிவந்தோம். மறுநாள் உள்ளேனைப் பிடித்து, "நேத்து செண்பகத்தோப்புக்கு வந்தியா?" என்று கேட்டேன். "நான் எதுக்கு வாரேன்? கிளாஸ்ல இருந்தேன், உனக்கும் சேர்த்து" என்றான். அது மானா, மயிலா, என் மனசாட்சியா, இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு நான் குளிக்க அறையிலிருந்த குளியலறையைத்தான் பயன்படுத்தினேன்.

சரியாகப் பார்த்தால் வினையே அந்தக் குளியலறையில்தான் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா போன் செய்வாள். அந்த நேரத்துக்கு உள்ளேன் நோட்டுகளோடு என் அறைக்கு வந்திருப்பான். அவன் படிப்பான், நான் படிப்பவனைப் பார்ப்பேன். அம்மாவின் போன் என்றாலே எனக்கு எரிச்சல். படிச்சியா, சாப்பிட்டியா, மார்க் வந்துச்சா. அன்று நான் சோப்போடு நின்றிருந்தேன். போன் அடித்தது.

"குளிக்கான்னு சொல்லு!" என்று உள்ளிருந்து கத்தினேன்.

அவன் எடுத்தான். "சொல்லும்மா" என்றான். என் குரல்.

கதவை ஒரு இஞ்ச் திறந்து பார்த்தேன். எனக்கு முதுகு காட்டி, என் கட்டிலில் உட்கார்ந்து, நான் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்னைவிட நன்றாகப் பேசினேன். "நீ சாப்டியாம்மா?" என்றேன். அந்தக் கேள்வியை இரண்டு வருஷத்தில் நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. சோப்பு நுரை உடம்பிலேயே காய்ந்தது.

பயம் ஒருநாள்தான் இருந்தது, வசதி பழகிவிட்டது. அடுத்த நாளிலிருந்து ஆறு மணி போன் அவன் பொறுப்பு. நான் மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். எப்போதாவது அம்மா வேறு நேரத்தில் கூப்பிட்டால், "கிளாஸ்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அழுக்குத்துணி மூட்டையோடு ராஜபாளையம் போனேன். அம்மா வாசலுக்கே வந்து என் கன்னத்தைத் தடவினாள். அப்பா பேப்பரை மடக்கி வைத்துவிட்டு, "வாப்பா" என்றார். எங்கள் வீட்டில் எனக்கு 'வாப்பா' கிடையாது, 'வந்துட்டியா'தான்.

"நீ சொன்ன மாதிரியே பிரஷர் மாத்திரையக் காலையில சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுருதேன் ராசா. இப்ப தலைசுத்தல் இல்ல" என்றாள் அம்மா.

எனக்கு அம்மாவுக்கு பிரஷர் இருப்பதே தெரியாது.

ஃபிரிட்ஜின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அம்மாவின் கையெழுத்து. 'குமார்: காலை 5 எழுவது. 5.30 முதல் 7 படிப்பு. முதல் பெஞ்ச். மதியம் தயிர் சாதம். சாயங்காலம் அன்றைய பாடம் அன்றைக்கே.' நான் வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கை அது. நின்று முழுக்கப் படித்தேன். எனக்குத் தெரியாமல் நான் மிக நன்றாக இருந்தேன்.

அம்மா பின்னால் வந்து நின்று குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் ஏன் ராசா அப்படி அழுத? எனக்கு ரெண்டு நாளு தூக்கமே இல்ல. அப்பாட்ட சொல்லல."

கையிலிருந்த தண்ணீர் சொம்பைக் கீழே வைத்தேன். "எதுக்கு அழுதேன்?"

"நீதான சொன்ன, உன் பேரச் சொல்லி யாருமே கூப்பிட மாட்டேங்காவன்னு."

என் பெயரை நாள் முழுக்க யாராவது வசைமொழியோடு சேர்த்துக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். துணி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டைப் பாதியில் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். இவனிடம் இரண்டில் ஒன்று கேட்டுவிட வேண்டும்.

அவன் வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை. ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு சந்து என்று மட்டும் தெரியும். சந்துக்குள் நுழைந்ததுமே விசைத்தறிச் சத்தம். துண்டு நெய்கிற தறி. சத்தம் வரும் வீடுதான் அவன் வீடு என்று ஒரு அம்மா கை காட்டினார். கதவு திறந்திருந்தது. தறியருகே ஒருவர், நூல் சுற்றிக்கொண்டு ஒரு பெண்மணி. "உள்ளே... அவன் இருக்கானா?" என்று கத்தினேன். திரும்பவே இல்லை. தறி போடுகிற கூச்சலில் யாருக்குக் கேட்கும் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தறி நின்றது. நின்ற வேகத்தில் சந்து முழுக்க அமைதி. அந்த அமைதியில், உள் அறையிலிருந்து என் குரல் கேட்டது.

சத்தமாக, தெளிவாக, கணக்கில் வரும் லாப்லாஸ் ட்ரான்ஸ்ஃபார்ம் நடத்திக்கொண்டிருந்தேன். "இந்த இடத்துலதான் எல்லாரும் தப்பு பண்ணுவோம். லிமிட்ட மறந்துருவோம்" என்றேன். எனக்கு லாப்லாஸ் என்றால் ஒரு எழுத்து தெரியாது. உள்ளே இருந்த எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"ஏலே!" என்று கத்தினேன்.

பயத்தில் நான் போட்ட சத்தத்துக்குத் தெருவே எட்டிப் பார்த்திருக்கும். மூன்றடி தூரத்தில் இருந்த அந்த இரண்டு பேரும் திரும்பவில்லை. கரண்ட் எப்போது வரும் என்று மேலே தொங்கிய பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நிழல் தறியில் விழுந்த பிறகுதான் அந்தப் பெண்மணி நிமிர்ந்தார். சிரித்தார். ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார்.

உள்ளேனின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது.

அவன் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். சந்து முனைக்குக் கூட்டிப்போனான்.

"எங்க வீட்டுல பேச ஆள் இல்லலா. சின்னப்புள்ளையில தெருவுல யாரு என்ன பேசுதாவளோ அதைக் கேட்டுத்தான் பேச்சு வந்துச்சு. காய்கறிக்காரர் மாதிரி கொஞ்சம், வாத்தியார் மாதிரி கொஞ்சம். எனக்குன்னு தனியா ஒண்ணு வரல" என்றான். பாதிப் பேச்சிலேயே என் குரலுக்கு வந்திருந்தான்.

"எங்கம்மாகிட்ட எதுக்குலே அழுத?"

தலையைக் குனிந்தான். "'ஏன் ராசா ஒரு மாதிரி இருக்க'ன்னு கேட்டாவ. என்னைய யாரும் அப்படிக் கேட்டதில்ல. அழுகை வந்துருச்சு. உன் குரல்லதான் அழுதேன், பயப்படாத."

"சரி, பாடத்த எதுக்கு என் குரல்ல படிக்க?"

இதற்கு மட்டும் உற்சாகமாகப் பதில் சொன்னான். "உன் குரல்ல படிச்சாத்தான் மண்டையில நிக்குது. அம்புட்டு சோம்பேறிக் குரல்லா, வேகமா ஓடவே ஓடாது. ஒவ்வொரு வார்த்தையா நின்னு நின்னு போகுது."

இதற்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் அறைக்கு நடந்தேன்.

பத்து நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். எழுபத்தைந்து சதவீத வருகை இல்லாதவர்கள், செமஸ்டர் எழுத முடியாது. கூட்டத்தை விலக்கிப் பார்த்தோம். வகுப்புக்கே வராத நாங்கள் யாரும் அதில் இல்லை. எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. யார் இது என்று பாஸ்கர் கேட்டான். எனக்கும் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது உள்ளேனின் சொந்தப் பெயர்.

ஒரு நாளும் லீவு போடாதவன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவனை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"எப்படிலே?"

"உன் நம்பர் நாப்பத்தி நாலு. என்னுது நாப்பத்தஞ்சு" என்றான். "அடுத்தவன் பேருன்னா அவன் குரல் தானா வந்துரும். என் பேருக்குன்னு ஒரு குரல் இல்லலா, உனக்குச் சொல்லிட்டு உன் குரல்ல இருந்து வெளிய வர நேரம் பத்தல. எனக்கும் உன் குரலே வந்துருது. ஒரே குரல் அடுத்தடுத்து ரெண்டு தடவ கேட்டா ப்ராக்ஸின்னு சார் எனக்கு ஆப்சென்ட் போட்டுருதாரு. நீ வந்த அன்னைக்கு மட்டும் எவன் குரல்லயாவது சொல்லித் தப்பிச்சுக்குவேன். நீ ரொம்ப வரல."

"முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?"

"சொல்லிருந்தா கிளாஸுக்கு வந்திருப்பியா?"

நான் எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தேன்.

துறைத்தலைவர் ஒரு அம்மா. எச்.ஓ.டி. மேடம் என்றால் வராந்தாவில் நடக்கும்போதே நாங்கள் செருப்பைக் கையில் எடுக்காத குறை. அவர் அறைக்கு நானும் அருணும் பாஸ்கரும் போனோம். உள்ளேன் எங்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். "மேடம், இவன் தினமும் வந்தான்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"பார்த்தோம் மேடம்."

"சரி. போன புதன்கிழமை இரண்டாவது பீரியட்ல என்ன நடத்தினாங்க?"

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேடம் கதவைக் காட்டுவதற்குக் கையைத் தூக்கிவிட்டார். பொய் சொல்லி அவனைக் காப்பாற்ற வழியில்லை என்று அந்த நொடியில் தெரிந்தது. அதற்கு மேல் யோசித்தால் தைரியம் போய்விடும்.

"மேடம், நான் அன்னைக்கு வரலை. இந்த செமஸ்டர்ல முக்கால்வாசி நாள் வரலை. எனக்கு விழுந்த ப்ரெசென்ட் எல்லாம் இவன் என் குரல்ல சொன்னது. அவன் கிளாஸ்ல இல்லாம எனக்கு ப்ரெசென்ட் விழுந்திருக்காது."

பாஸ்கர், "எனக்கும் மேடம்" என்றான். அருண், "அந்தக் கொஸ்டின்கூட நான் கேட்கலை மேடம்" என்றான். எந்தக் கேள்வி என்று மேடத்துக்குத் தெரியாது.

அவர் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் பெயர்ப்பட்டியலைத் திறந்தார். உள்ளேனை எதிரே நிற்கச் சொன்னார். ஒன்றாம் எண்ணிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார்.

அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான். உதடு அசைந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஆள் அறைக்குள் வந்து "எஸ் மேடம்" சொல்லிவிட்டுப் போனான். அருண் வந்தான், பக்கத்தில் நின்ற அருண் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். பாஸ்கர் வந்தான். அதுவரை அவன் குரல் எடுத்தே பார்த்திராத பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். வெறும் ஐந்து பேர் நின்ற அறை, மூச்சு முட்டும் அளவுக்கு நிறைந்துகொண்டே போனது. முப்பதாவது எண்ணுக்கு மேல் மேடம் ஒவ்வொரு பெயருக்கும் கதவைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் நிறுத்தவில்லை.

நாற்பத்து நான்கு. நான் வந்துவிட்டுப் போனேன்.

நாற்பத்தைந்து. அவன் பெயர்.

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. என் உதட்டைப் பார்த்தான். நான் இறுக மூடிக்கொண்டேன். அருணைப் பார்த்தான், பாஸ்கரைப் பார்த்தான். அவன் தொண்டை மட்டும் அடைபட்ட குழாய்போல இழுத்து இழுத்து அடங்கியது. மேடம் காத்திருந்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அவரே சொன்னார்.

"இருக்கான்."

நாற்பத்தாறை வாசிக்கவில்லை. எங்களை வெளியே போகச் சொன்னார்.

முடிவு மறுநாள் வந்தது. உள்ளேன் செமஸ்டர் எழுதலாம். பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கடிதமும், மூன்று மாதம் நூலகத்தில் புத்தகம் அடுக்கும் தண்டனையும். அவனைப் பொறுத்தவரை அது பரிசு. நானும் அருணும் பாஸ்கரும் உண்மையான வருகை எவ்வளவோ அவ்வளவில் நிறுத்தப்பட்டோம். அந்த செமஸ்டரை ஜூனியர்களோடு மறுபடி படிக்க வேண்டும். வகுப்பில் மற்றவர்களின் வருகையை மேடம் துருவவில்லை. ஆனால் அதற்கு அடுத்த நாள் காலை வகுப்பில் மீதி ஐம்பத்தொன்பது பேரும் இருந்ததாகக் கேள்வி. பெஞ்ச் போதவில்லையாம்.

வீட்டில் சொல்லவேண்டியிருந்தது. அப்பா மூன்று நாள் பேசவில்லை. அதை எதிர்பார்த்தேன். அம்மாவிடம், ஐந்து மணிக்கு எழுந்தது நானில்லை, முதல் பெஞ்ச் நானில்லை, மாத்திரை போடச் சொன்னதும் நானில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஃபிரிட்ஜில் ஒட்டிய தாளை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப அன்னைக்கு அழுதது?"

"அதும் அவன்தான்."

"அந்தப் புள்ளைய எப்பக் கூட்டிட்டு வாரே?" என்றாள்.

அடுத்த ஞாயிறே கூட்டிவந்தேன். அம்மா பரிமாறிக்கொண்டே அவனை விசாரித்தாள், அவன் கூச்சத்தோடு பதில் சொன்னான். ஐந்தாவது நிமிடத்தில், "இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று அம்மா கேட்க, "போதும், வயிறு நெறஞ்சிட்டு" என்று அம்மாவின் குரலே திரும்பி வந்தது. கரண்டி அந்தரத்தில் நின்றது. அப்பா சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆத்தாடி," என்றாள் அம்மா, "எனக்கே நான் சோறு போடுத மாதிரில்லா இருக்கு." பிறகு அவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். அன்று மதியம் முழுக்க, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீ வேணுமா, ஃபேனைப் போடவா, அந்தச் செருப்பை வெயிலில் விடாதே, எல்லாவற்றுக்கும் முன்னால் அவன் பெயர்.

ஜூனியர்களோடு நான் படித்த அந்த செமஸ்டரில், தினமும் காலை ஐந்து மணிக்கு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் வரும். என் குரலில். "ஏலே குமாரு, எந்திரி. இன்னைக்கு யூனிட் த்ரீ. பொறவு பார்க்கலாம்னு போர்வைய இழுக்காத, எனக்குத் தெரியும்" என்று நானே என்னை மிரட்டுவேன். பிறகு இருபது நிமிடம் நானே எனக்குப் பாடம் நடத்துவேன். இருட்டு பிரியாத நேரத்தில் தன் குரல் தன்னைப் பெயர் சொல்லி எழுப்புவதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு தூக்கம் வராது. எந்தப் பேராசிரியர் சொன்னதும் ஏறாத மண்டையில் அது ஏறியது. ஜூனியர்கள் நடுவில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, என் வாயால் "எஸ் சார்" சொல்லி, எல்லாப் பாடத்திலும் தேறினேன். லாப்லாஸ் வருகிற பேப்பரில் எண்பத்தொன்று. விடைத்தாளில் லிமிட்டை மறக்கவில்லை.

உள்ளேன் இப்போது ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறான். அங்கே சைகை மொழி தெரிந்த ஒரே எஞ்சினியர் அவன்தான், காது கேளாத தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் அவனிடம்தான் வேலை கற்றுக்கொள்கிறார்கள். வாரம் ஒருதரம் அம்மாவுக்குப் பேசுவான். நான் கேட்காததையெல்லாம் இன்னமும் அவன்தான் கேட்கிறான்.

என் போனில் இடம் இல்லை என்று அடிக்கடி எச்சரிக்கை வரும். படங்களை அழிப்பேன், வீடியோக்களை அழிப்பேன். அந்த வாய்ஸ் நோட்டுகளில் கடைசியாக வந்த ஒன்றை மட்டும் அழிப்பதில்லை. பாடம் முடிந்து, "சரிலே, நல்லா எழுது" என்று என் குரல் சொல்லிவிடுகிறது. ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு ஏழு விநாடி பேச்சே இல்லை, மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்கிறது. அது எங்கள் வகுப்பில் யாருடைய மூச்சும் இல்லை. எனக்கு அவனைப் பார்க்க வேண்டும்போல இருக்கும்போதெல்லாம் பாடத்தைத் தள்ளிவிட்டு அந்த ஏழு விநாடியைத்தான் கேட்கிறேன்.